துரைசானியின் கவுனும் நம் ஊர் ஈரமும்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கம் ரப்பர் வருவதற்கு முன்னால் கரும்புத் தோட்டங்கள்தான். அந்தக் காலத்தில் பங்களாவில் ஆயா வேலை பார்த்த என் பாட்டியின் பாட்டிக்கு, துரைசானி கப்பல் ஏறும்போது கொடுத்துவிட்டுப் போன வெள்ளைக் கவுன் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. விக்டோரியா ராணி 1901இல் காலமானார்; அதற்கு முந்தைய தையல் இது. மெல்லிய பருத்தி, கழுத்துவரை மூடிய மேல்சட்டை, தனிப் பாவாடை. உங்கள் வீட்டில் இருப்பது கவுனாக இல்லாமல் கூறைப்புடவையாக இருந்தாலும் பராமரிப்பு பெரும்பாலும் இதேதான்.

முதலில் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். மிஷின் தையல் ஒரே சீராக ஓடும். கைத்தையலில் இடைவெளி கொஞ்சம் கூடும், குறையும். அப்புறம் கொக்கிகள். இரும்புக் கொக்கியைச் சுற்றிக் காவி வட்டம் தெரிந்தால் துரு இறங்கிவிட்டது. எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்க்கச் சொல்லும் பெரியம்மா எல்லா வீட்டிலும் உண்டு. கேட்காதீர்கள், கறையோடு துணியும் போய்விடும். கொக்கிக்கும் துணிக்கும் நடுவே அமிலமில்லாத டிஷ்யூ காகிதம் வைத்தால் போதும்.

நமக்கு உண்மையான எதிரி ஈரம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றாலே பூஞ்சணம் பிடிக்கும். இங்கே 80 சாதாரணம். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம், ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். கஞ்சியும் போடாதீர்கள், ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. அந்துருண்டை வாசனை லேசில் போகாது. குளியலறைச் சுவரை ஒட்டாத அலமாரியில், அகலமான பெட்டிக்குள், சாயம் போடாத பருத்தித் துணியை நன்றாக அலசிக் காயவைத்து விரித்து, அதில் படுக்க வையுங்கள். ஹேங்கரில் மாட்டினால் பாவாடையின் கனம் இடுப்புத் தையலைக் கிழித்துவிடும். மடிப்புக்குள் டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டி வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை மடிப்பு இடத்தை மாற்றுங்கள். மழையில்லாத காலையில் நிழலில் காற்றாட விடலாம், வெயில் ஆகாது.

பட்டுக் கவுன் என்றால் இன்னும் கவனம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பட்டுக்குக் கனம் கூட்ட வெள்ளீய உப்பு ஏற்றினார்கள். அப்படிப்பட்ட துணி மடிப்பிலேயே நொறுங்கும். அதைத் தொடாமல் விவரம் தெரிந்தவரிடம் காட்டுவதுதான் சரி.

கல்யாணப் படத்துக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று அக்கா மகள் கேட்டாள். முடியாது என்றுவிட்டேன். மேசையில் விரித்து அளவெடுத்து, அதே மாதிரி புதுத் துணியில் தைத்துக் கொடுத்தேன். நீங்களும் செய்யலாம், ஆனால் அளவு டேப்பைத் துணிமேல் இழுக்காதீர்கள், பக்கத்தில் வைத்தே பாருங்கள்.