தோட்டத்துக் குழியில் பூமியின் காந்தத்தை அளக்கலாம்

ஜாம் பாட்டிலுக்குள் நூலில் காந்தத்தைத் தொங்கவிட்டு, அதில் கண்ணாடித் துண்டு ஒட்டி, லேசர் புள்ளி சுவரில் நகர்வதைக் காட்டும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. நார்வே, ஸ்காட்லாந்து பக்கம் அது நன்றாக வேலை செய்யும். கோவை, ஈரோடு, தாராபுரம் ஆட்கள் அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். அது காட்டுவது திசை மாற்றத்தை. நம்மூரில் முள் திரும்புவது மிகக் கொஞ்சம். கூடிக் குறைவது வடக்கு நோக்கிய புலத்தின் வலுதான். அது சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் சிறு அலகு). பகலில் அதன்மேல் 50 முதல் 100 வரை ஏறி, சாயங்காலம் இறங்கிவிடும்.

வெயிலில் மின்னேற்றம் பெற்ற காற்றில், 100 கி.மீ. உயரத்துக்குச் சற்று மேலே, கிழக்கு நோக்கி மின்சாரம் ஓடுகிறது. காந்த நடுக்கோட்டை, அதாவது காந்த முள் மேலும் கீழும் சாயாமல் மட்டமாக நிற்கும் கோட்டை, ஒட்டி அது நெருக்கியடித்து ஓடும். அந்தக் கோடு திருநெல்வேலிப் பக்கம் போவதால்தான் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் அங்கே ஓர் ஆய்வகம் வைத்திருக்கிறது. நாம் அந்த ஓட்டத்தின் ஓரத்தில் இருக்கிறோம்.

சரி, சாமான். போன் ஆப் போதாது. பல போன்களில் சென்சார் பிரித்துக் காட்டும் மிகச் சிறிய படியே 150 நானோடெஸ்லா. ஆர்எம்3100 என்ற காந்த சென்சார் பலகை வாங்குங்கள், விலை கூடத்தான். மலிவான 5883 வகை சென்சார் வேண்டவே வேண்டாம். கூட, அளவுகளைப் படித்துச் சேமிக்க ஒரு இஎஸ்பி32 (சின்னக் கணினிப் பலகை). சென்சாருக்கு 3.3 வோல்ட் மட்டும். சைக்கிள் கவுண்டை (ஓர் அளவுக்குச் சென்சார் எத்தனை சுற்று எண்ணும் என்ற அமைப்பை) 800-க்கு ஏற்றினால் ஒரு படி ஏறக்குறைய 3 நானோடெஸ்லா ஆகும். நிரல் எழுதுவது பற்றி இணையத்தில் வேண்டிய மட்டும் இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

சென்சாரைப் பிவிசி குழாயில் போட்டு, இரண்டு பக்கமும் மூடி ஒட்டுங்கள். திருகு பித்தளை அல்லது நைலான், எவர்சில்வரை நம்பாதீர்கள். இஎஸ்பி32 சில அடி தள்ளி இருக்கட்டும். மின்சார ஒயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் ஒயரின் காந்தமும் கணக்கில் சேரும்.

திசை வைக்கக் காம்பஸ் தேவையில்லை. பலகையை மட்டமாக வைத்து, ஒய் அச்சின் எண் பூஜ்ஜியத்தை ஒட்டியும் எக்ஸ் அச்சின் எண் கூட்டலாகவும் வரும்வரை திருப்புங்கள். எக்ஸ் தானாகக் காந்த வடக்கே நிற்கும்.

அடுத்ததில்தான் எனக்குப் பாதி நாள் போனது: வெப்பம். மொட்டை மாடியில் வைத்தால் வரைகோட்டில் அழகான மேடு வரும், நம்பிவிடாதீர்கள். சென்சார் சூடானாலும் எண் நகரும். எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மேட்டின் உச்சி எத்தனை மணிக்கு என்று பாருங்கள். நிஜமான உச்சி 11-க்கும் 12-க்கும் நடுவில். பெட்டிச் சூட்டின் உச்சி இரண்டு, மூன்று மணிக்கு. ஆகவே நிழலில் மூன்றடிக் குழி வெட்டிப் புதைப்பதே வழி. செம்மண்ணில் இரும்பு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது நகராது, கவலை வேண்டாம். நகரும் இரும்புதான் வினை. முப்பதடியில் கார் வந்து நின்றாலே சில பத்து நானோடெஸ்லா மாறும்.

ஒவ்வொரு நிமிடத்துக்கும் சராசரி எடுக்காமல் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) எடுங்கள். மொபெட் கடந்துபோன துள்ளல் அதில் அடிபட்டுவிடும். நள்ளிரவு அளவைக் கழித்து, ஒரு வாரத்து வரைகோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். சில நாள் மேடு சப்பையாக இருக்கும். சில நாள் பிற்பகலில் நள்ளிரவு அளவுக்கும் கீழே போகும். மேலே மின்னோட்டம் எதிர்த்திசையில் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

சூரியனிலிருந்து வரும் வீச்சு பூமியின் காந்தத்தைக் குலுக்கும் காந்தப் புயலின் வடிவம் வேறு. பெரும்பாலும் முதலில் சில நிமிடத்தில் ஒரு துள்ளல், அப்புறம் பல மணி நேரச் சரிவு, மீள ஓரிரு நாள் அல்லது அதற்கும் மேல். 2024 மே 10 இரவு பத்தரை மணி வாக்கில் தொடங்கிய புயலில், உலக அளவில் சரிவு 400 நானோடெஸ்லாவைத் தொட்டது. சின்னப் புயல் வந்தால் 27 நாள் தள்ளி மறுபடி பாருங்கள். சூரியன் ஒரு சுற்றுச் சுற்றி அதே பக்கத்தைக் காட்டும்போது பல தடவை திரும்ப வரும்.

பின்சேர்க்கை: பல்லடம் வாசகர் ஒருவருக்குத் தினமும் ஒரே நேரத்தில் புள்ளிகள் சிதறின. காரணம் மும்முனை மின்சாரம் வரும் நேரம். பக்கத்திலேயே போர் மோட்டார் கேபிள். இன்னொருவருக்கு விடிகாலையில் படிபோல ஓர் ஏற்றம். மாடு கட்டும் சங்கிலி! குழி வெட்டும் முன் கட்டுத்தறி, மோட்டார் ரூம், தறிக்குடோன் எல்லாவற்றுக்கும் நூறடியாவது தள்ளிப்போங்கள்.