எந்த லாரி ஏறினாலும் 1280 கிலோ: இஃப்டெஃபில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ரிவ்யூவுக்கு கோட் அனுப்பினார். ஒரே ஃபங்ஷன், 140 வரி, ஒன்பது இஃப்டெஃப். சி மொழியில் ஒரு மேக்ரோ, அதாவது முன்கூட்டியே வைத்த ஒரு பெயர், டிஃபைன் ஆகியிருந்தால் மட்டும் சில வரிகளைக் கம்பைல் செய்யச் சொல்வதுதான் இஃப்டெஃப். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. பத்து வருஷத்துக்கு முன் நானும் இதே லட்சணத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதை முடிக்கும் எண்டிஃப் போட மறந்தால் கம்பைலரே திட்டிவிடும். அது வாயே திறக்காத தவறுகள்தான் இங்கே.

ஸ்ட்ரக்டுக்குள் இஃப்டெஃப்

லாரி எடை மேடை ஒன்றுக்கு மென்பொருள் செய்தோம். முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸிலும் ஓட வேண்டும் என்றார்கள். மேடை இணைந்திருந்த சீரியல் போர்ட்டின் பழைய செட்டிங்கை எடுத்து வைத்து, முடிக்கும்போது திரும்பப் போட வேண்டும். லினக்ஸில் அதற்கு டெர்மியோஸ் என்ற ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளை வரிசையாக அடுக்கிய தொகுப்பு), 60 பைட். ஏற்கெனவே இருந்த என் ஸ்ட்ரக்டின் நடுவில் இஃப்டெஃப் போட்டு அதைச் செருகினேன். முன்னால் போர்ட் எண் 4 பைட், பாட் ரேட் (போர்ட்டின் வேகம்) 4, பஃபர் 64. பின்னால் எடை.

திரையில் எடை சரியாக வந்தது. அச்சான சீட்டில் மட்டும் எப்போதும் 1280. காலி லாரியும் 1280, ஜல்லி லாரியும் 1280. பிரிண்டரை மாற்றினோம், கேபிளை மாற்றினோம். இரண்டு நாள் டிரைவர்கள் கையால் எழுதிய சீட்டோடு போனார்கள், போகும்போது சும்மாவும் போகவில்லை.

அந்த இஃப்டெஃப் பார்க்கும் மேக்ரோ இருந்தது கான்ஃபிக் ஹெடரில், அதாவது மற்ற கோப்புகள் இன்க்ளூட் செய்யும் பொதுக் கோப்பில். திரைக்கான கோப்பு அதை இன்க்ளூட் செய்தது. அச்சுக்கான கோப்பில் நான் விட்டுவிட்டேன். பெயர் ஒன்றேயான ஸ்ட்ரக்டில், ஒரு கோப்பு எடையை 132ஆவது பைட்டில் எழுதியது. இன்னொன்று 72இல் படித்தது. 72இல் உட்கார்ந்திருந்தது டெர்மியோஸின் முதல் உறுப்பு, அதாவது சுவிட்சுகள் மாதிரியான உள்ளீட்டு ஃப்ளாகுகள். யாரும் கை வைக்காத போர்ட்டில் லினக்ஸ் அங்கே இரண்டை ஏற்றி வைத்திருக்கும்: ஐசிஆர்என்எல் 256, ஐஎக்ஸ்ஓஎன் 1024. கூட்டிப் பாருங்கள்.

கம்பைலர் கோப்புகளைத் தனித்தனியாகப் பார்க்கிறது, தனித்தனியாக இரண்டும் சரி. அவற்றை ஒன்றாக இணைக்கும் லிங்கர் பெயரைத்தான் பொருத்தும், ஸ்ட்ரக்டின் அளவைக் கேட்காது. டிஃபைன் ஆகாத மேக்ரோ இஃப்டெஃபுக்குத் தவறே இல்லை. விண்டோஸில் அந்த மேக்ரோவே கிடையாது என்பதால் அங்கே இரண்டு கோப்புக்கும் 72, டெஸ்ட் எல்லாம் பாஸ். இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

விடுபட்ட இன்க்ளூடைச் சேர்த்தால் அன்றைக்குத் தீர்ந்திருக்கும். அடுத்த கோப்பில் மறுபடி மறப்பேன் என்று தெரியும். அதனால் ஹெடரில் ஸ்ட்ரக்டின் பெயரை மட்டும் விட்டு, உள்ளே இருப்பதை மறைத்தேன். வெளியே தெரிவது மூன்றே ஃபங்ஷன்: மேடையைத் திற, எடையை வாசி, மூடு. விண்டோஸுக்கு ஒரு கோப்பு, லினக்ஸுக்கு ஒரு கோப்பு. எதைச் சேர்ப்பது என்பது பில்டை நடத்தும் மேக்ஃபைலின் பாடு.

'எடையை வாசி' என்ற பெயரைக் கவனியுங்கள். 'போர்ட்டில் பைட் படி' என்று வைத்திருந்தால், விண்டோஸில் டைம்அவுட் நடக்கும் விதம் வேறு, லினக்ஸில் வேறு என்ற தலைவலி அப்படியே மேலே ஏறி வந்திருக்கும். ஓஎஸ் என்ன தருகிறது என்று பார்த்துப் பெயர் வைக்காதீர்கள். உங்கள் புரோகிராமுக்கு என்ன வேண்டும் என்று பார்த்து வையுங்கள்.

1992இலேயே ஹென்றி ஸ்பென்சரும் ஜெஃப் காலியரும் யூஸ்நெட் மென்பொருளான சி நியூஸ் அனுபவத்தை வைத்து, இஃப்டெஃப் கெடுதல் என்று யூசெனிக்ஸ் மாநாட்டில் கட்டுரையே படித்தார்கள். ரிமோட் லாகின் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்ஹெச் செய்வதையும் பாருங்கள். மூலத்தை ஓப்பன்பிஎஸ்டி என்ற ஓஎஸ்ஸுக்கு எழுதுகிறார்கள். வேறு ஓஎஸ்ஸில் இல்லாத ஃபங்ஷன்களைப் பெரும்பாலும் தனி ஃபோல்டரில் எழுதிச் சேர்க்கிறார்கள். சரத்தை நகலெடுக்கும் ஸ்ட்ரெல்காப்பி ஃபங்ஷன், லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சிக்கு வந்ததே 2023இல்தான். அதுவரை அழைக்கும் இடமெல்லாம் இஃப்டெஃப் போட்டிருந்தால் கதி என்ன?

எல்ஸ் என்றால் லினக்ஸ்தான்

விண்டோஸ் இல்லையென்றால் லினக்ஸ்தான் என்று எழுதியது தப்பு என்பது மூன்றாவது ஓஎஸ் வரும் நாளில் தெரியும். ஒவ்வொரு ஓஎஸ்ஸையும் பெயர் சொல்லிச் சோதித்து, கடைசி எல்ஸில் பில்டையே நிறுத்தும் எரர் டைரக்டிவ் போடுங்கள்.

மேக்ரோவின் பெயரை நம்புவது

வின்32 மேக்ரோ 64 பிட் விண்டோஸிலும் இருக்கும். லினக்ஸ் மேக்ரோ ஆண்ட்ராய்டிலும், ஆப்பிள் மேக்ரோ ஐபோனிலும் இருக்கும். உங்களுக்குத் தேவையான வசதி இருக்கிறதா என்று கான்ஃபிகர் கட்டத்தில் சோதித்துக்கொள்வது மேல்.

பைட் வரிசைக்கு இஃப்டெஃப்

ஒரு எண்ணின் பைட்டுகள் எந்த வரிசையில் இருக்கும் என்பது சிப்புக்குச் சிப்பு மாறலாம். அதற்கு இஃப்டெஃப் வேண்டாம். பைட்டுகளை ஒவ்வொன்றாக ஷிஃப்ட் செய்து எண்ணாகச் சேருங்கள்.

பத்து மேக்ரோ

ஒவ்வொன்றும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்; 1024 விதம் வரை பில்ட் ஆகும். நீங்கள் ஓட்டிப் பார்த்தது எத்தனை?

தம்பியின் ஒன்பதில் ஏழு போய்விட்டன. மிச்சம் இரண்டு ஒரே ஹெடரில் இருக்கின்றன: ஒன்று விண்டோஸின் டிஎல்எல் எக்ஸ்போர்ட்டுக்கு, மற்றது ஃபைல் பாத்தில் வரும் சாய்கோட்டுக்கு. இரண்டாவது தேவையா என்று கேட்டேன், விண்டோஸ் ஏபிஐ பெரும்பாலும் முன்சாய்கோட்டையும் (/) ஏற்கும் என்பதால். "அண்ணா, அது மெசேஜில் காட்டுவதற்கு" என்றார். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.