கல்லீரலில் நீர்க்கட்டி என்று ரிப்போர்ட் வந்தால்: எப்போது விடலாம், எப்போது அறுவை செய்யணும்

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "டாக்டர், எட்டு சென்டிமீட்டர் போட்டிருக்கே, பெரிசா?" என்றுதான். கல்லீரல் அறுவை சிகிச்சை செய்கிற எனக்கு அந்த அளவு இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, கட்டியின் சுவர் எப்படி இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்பது. பன்னிரண்டு சென்டிமீட்டர் கட்டியை ஒன்றும் செய்யாமல் விட்டிருக்கிறேன். நாலு சென்டிமீட்டர் கட்டிக்காகக் கல்லீரலின் ஒரு பகுதியையே எடுத்திருக்கிறேன். இந்த முடிவுகளை எப்படி எடுக்கிறோம் என்று தெரிந்தால், உங்கள் மருத்துவரிடம் சரியான கேள்விகளைக் கேட்க முடியும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

ரிப்போர்ட்டில் எதைத் தேடுவது

நீர்க்கட்டிக்கு முதல் பரிசோதனை அல்ட்ராசவுண்ட். சி.டி. எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கட்டிக்குள் இருக்கும் மெல்லிய தடுப்புகளைக் காட்டுவதில் அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும்தான் கெட்டி. சி.டி.யில் ஒரே அறையாகத் தெரிந்த கட்டி, அல்ட்ராசவுண்டில் நாலைந்து அறைகளாகத் தெரிவது உண்டு.

சாதாரண நீர்க்கட்டி என்றால் உள்ளே முழுக் கறுப்பாக இருக்கும், சுவர் இருப்பதே தெரியாது, கட்டிக்குப் பின்னால் இருக்கும் பகுதி மட்டும் பளிச்சென்று தெரியும். இந்த மூன்றும் இருந்து, உங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் அத்துடன் விட்டுவிடலாம். மருந்து வேண்டாம், உணவுக் கட்டுப்பாடு வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேனும் வேண்டாம். பிறக்கும்போதே பித்தநாளத்திலிருந்து பிரிந்துபோன துண்டில் மெல்ல மெல்ல நீர் சேர்ந்து உருவாவது இது. நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, சர்வசாதாரணமாகத் தென்படும். இதற்காக ரத்தத்தில் சி.ஏ.19-9 போன்ற புற்றுநோய்க் குறியீடுகளைப் பார்த்துவிட்டுப் பயப்படுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். சாதாரணக் கட்டியிலேயே அது உயர்ந்திருக்கலாம். அந்த எண்ணை வைத்து நல்லது கெட்டது பிரிக்க முடியாது.

ரிப்போர்ட்டில் தடுப்புகள், தடித்த சுவர், சுவரில் முடிச்சு, சுண்ணாம்புப் படிவு, உள்ளே மிதக்கும் சவ்வு ஆகியவற்றில் எது எழுதியிருந்தாலும் கதை மாறுகிறது. அப்போது கான்ட்ராஸ்ட், அதாவது ரத்த ஓட்டத்தைப் படத்தில் காட்டும் மருந்து கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். தடுப்போ முடிச்சோ கான்ட்ராஸ்ட்டை வாங்கிக்கொண்டு வெளுத்தால் அதில் ரத்த ஓட்டம் இருக்கிறது, அதாவது அது உயிருள்ள திசு என்று அர்த்தம். சாதாரணக் கட்டிக்குள் ரத்தம் கசிந்தாலும் தடுப்புகள் மாதிரியே ஒரு தோற்றம் வரும், திடீர் வலியும் வரும். ஆனால் உறைந்த ரத்தம் கான்ட்ராஸ்ட்டை வாங்காது. இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டால், பொறுத்திருந்தே சரியாகக்கூடிய கட்டிக்குக் கல்லீரலை வெட்டாமல் தப்பிக்கலாம்.

ஊசி போடுவதற்கு முன்

"ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துடலாமா?" என்பது அடுத்து வரும் கேள்வி. கட்டி எந்த வகை என்று தெரியாமல் அதில் ஊசி இறங்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். காரணம் இரண்டு.

ஒன்று, ஹைடாடிட் கட்டி. எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு நாயின் குடலில் வாழும். அதன் முட்டை நாயின் மலத்தோடு வெளியேறி, கையிலோ கழுவாத கீரையிலோ தண்ணீரிலோ ஒட்டி நம் வயிற்றுக்குள் போனால், பெரும்பாலும் கல்லீரலில் தங்கி ஆண்டுக்கணக்கில் வளரும். ஆடு வளர்ப்பும் நாய்களும் சேர்ந்திருக்கும் இடங்களில் இது அதிகம். உள்ளே இருக்கும் நீர் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் அது வயிற்றுக்குள் சிந்தினால் கடுமையான ஒவ்வாமை வந்து ரத்த அழுத்தம் விழலாம். சிந்திய இடங்களில் எல்லாம் புதுக் கட்டிகள் முளைக்கலாம்.

இரண்டு, உள்ளே வழவழப்பான சளி போன்ற நீர் சேரும் மியூசினஸ் கட்டி. இது கிட்டத்தட்ட எப்போதும் பெண்களுக்கு வருவது, கல்லீரலின் இடப்பக்கத்தில் அதிகம். தடித்த தடுப்புகள் இருக்கும், சில சமயம் சுவரில் முடிச்சும் இருக்கும். காலப்போக்கில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு இதற்கு உண்டு. இதில் ஊசி போடுவதாலோ, கூரையை, அதாவது கல்லீரலுக்கு வெளியே தெரியும் மேல்சுவரை மட்டும் வெட்டுவதாலோ பயனில்லை. மிச்சம் வைத்தால் திரும்ப வரும். அதனால் சுவரோடு முழுமையாக எடுக்க வேண்டும்.

ஹைடாடிட் சந்தேகத்துக்கு எலிசா ரத்தப் பரிசோதனை செய்கிறோம். பாசிட்டிவ் வந்தால் உதவி. நெகட்டிவ் வந்தால் 'இல்லை' என்று அர்த்தமில்லை, கட்டி முழுசாக இருக்கும்போது உடல் அதை அடையாளம் காணாமலே போகலாம். அதனால் படத்தைத்தான் அதிகம் நம்புகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு வகுத்த நிலைகள் இதற்கு மிகவும் பயன்படும். சி.இ.1 என்றால் ஒரே அறை, சுவரில் இரட்டைக் கோடு. சி.இ.2 என்றால் உள்ளே நிறையக் குட்டிக் கட்டிகள். சி.இ.3ஏ-யில் உள் சவ்வு கழன்று மிதக்கும். சி.இ.3பி-யில் கெட்டியான பகுதிக்கு நடுவே குட்டிக் கட்டிகள் இருக்கும். சி.இ.4, சி.இ.5 இரண்டும் அடங்கிப்போன கட்டிகள், அவை தொந்தரவு தராதவரை பார்த்துக்கொண்டிருந்தால் போதும். சி.இ.1, 3ஏ இரண்டும் 5 சென்டிமீட்டருக்குள் இருந்தால் அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மாத்திரை மட்டுமே போதும். அதைவிடப் பெரிதென்றால் மாத்திரையின் பாதுகாப்போடு ஊசி வழியாக நீரை எடுத்து, கிருமிகொல்லி செலுத்தி, மறுபடி உறிஞ்சும் 'பேர்' என்ற முறை. ஊசிக்கே இடமில்லை என்று சொல்லவில்லை, தெரிந்து போடுகிற ஊசி வேறு. சி.இ.2-க்கும் 3பி-க்கும் பெரும்பாலும் அறுவைதான். கூடவே மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வேன், நுரையீரலிலும் ஒன்று இருக்கலாம். நுரையீரல் கட்டியில் 'பேர்' செய்யக் கூடாது.

வலி கட்டியால்தானா?

சாதாரணக் கட்டிக்கு அறுவை தேவைப்படுவது தொந்தரவு கொடுத்தால் மட்டும்தான். கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, வலது விலாவுக்குக் கீழே பாரம், குனிந்தால் மூச்சு முட்டுவது, எப்போதாவது பித்தநாளத்தை அழுத்தி மஞ்சள் காமாலை. ஆனால் இதே தொந்தரவுகள் பித்தப்பைக் கல்லாலும் இரைப்பைப் புண்ணாலும் வரும். இரண்டு சென்டிமீட்டர் கட்டி ஆழத்தில் கிடக்கிறது, வலியோ சாப்பிட்டதும் வருகிறது என்றால் கட்டியை நான் சந்தேகப்பட மாட்டேன். முதலில் எண்டோஸ்கோப்பி, பித்தப்பை இரண்டையும் பார்த்துவிட வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால், அறுவை அருமையாக முடிந்தும் வலி அப்படியே இருக்கும்.

ஹைடாடிட் இல்லை, மியூசினஸ் இல்லை என்று உறுதியான பெரிய கட்டியில், நீரை உறிஞ்சிப் பார்த்து வலி போகிறதா என்று சோதிக்கலாம். உறிஞ்சுவது மட்டும் சிகிச்சை ஆகாது, உள்தோல் உயிரோடு இருக்கும்வரை நீர் திரும்பச் சேரும். அதனால் உறிஞ்சிய பிறகு ஆல்கஹாலைச் செலுத்தி உள்தோலைச் செயலிழக்க வைப்பது ஒரு வழி. அதற்கு முன் கட்டிக்கும் பித்தநாளத்துக்கும் தொடர்பு இல்லை என்று கான்ட்ராஸ்ட் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். இப்படிச் செய்தவர்கள் ஒரு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துவிட்டு, "மறுபடி வந்துடுச்சு" என்று பதறுவார்கள். முதலில் நீர் சேர்ந்து, அப்புறம் மெல்லச் சுருங்கும். ஆறு மாதம் கழித்துத்தான் பலனைக் கணிக்க வேண்டும்.

கூரையை வெட்டும் அறுவை

இன்னொரு வழி லேப்ராஸ்கோப்பி மூலம் கட்டியின் கூரையை வெட்டி எடுப்பது. 1968-இல் லின் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் நிறையக் கட்டிகள் உள்ள கல்லீரலுக்குத் திறந்த அறுவையாகச் செய்து எழுதிய முறை இது. இன்று சில சிறு துளைகள் வழியாகச் செய்கிறோம்.

கேமரா உள்ளே போனதும் கல்லீரலின் பழுப்புச் சிவப்பு நடுவே நீலம் பாய்ந்த ஒரு மேடு தெரியும். அதுதான் கூரை. முதலில் சிறு துளையிட்டு நீரை உறிஞ்சி அதன் நிறத்தைப் பார்ப்பேன். தெளிந்த நீர் என்றால் நிம்மதி. மஞ்சள் பச்சையாக இருந்தால் பித்தநாளத்தோடு தொடர்பு. வழவழப்பாக இழுபட்டால் மியூசினஸ் சந்தேகம், அங்கேயே திட்டத்தை மாற்ற வேண்டியிருக்கும். பிறகு கல்லீரல் திசு தொடங்கும் ஓரம்வரை கூரையை எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு எடுக்கிறோம். சிறிய ஜன்னல் வைத்தால் மூடிக்கொள்ளும். அந்த ஓரத்தில்தான் நசுங்கிப்போன பித்தநாளங்களும் ரத்தக் குழாய்களும் மறைந்திருக்கும், அவசரம் கூடாது. வெட்டி முடித்ததும் வெள்ளைத் துணியை உள்ளே வைத்து ஒற்றி எடுத்துப் பார்ப்போம். மஞ்சள் கறை தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு தையல். உள்சுவர் முழுவதையும் சுற்றிப் பார்த்து, முடிச்சு இருந்தால் துணுக்கு எடுத்து, கூரையோடு சேர்த்து நோயியல் ஆய்வுக்கு அனுப்புவோம். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லீரலின் பின்பக்க மேல்மூலையில் இருக்கும் கட்டிக்கு இந்த முறை அவ்வளவு சரியாக அமையாது. வெட்டிய வாய் உதரவிதானத்தோடு ஒட்டி மூடிக்கொள்ளலாம், திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். இதை அறுவைக்கு முன்பே சொல்லிவிடுவேன்.

கல்லீரல் முழுக்கக் கட்டிகள் என்றால் அது பரம்பரை நோயாக இருக்கலாம், சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் இதை வளர்க்கும் என்பதால் நிறுத்தச் சொல்வோம். மிக முற்றிய சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவைதான் வழி.

ஹைடாடிட் அறுவை

இங்கே எல்லாமே ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் இருப்பதைச் சுற்றித்தான். அல்பெண்டசோலை முன்னதாகவே தொடங்கியிருப்போம். கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், இரண்டு வேளையாக. கொழுப்பு உள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் மருந்து உடலில் ஏறும், வெறும் வயிற்றில் போட்டால் வீண். மயக்கவியல் மருத்துவர் அட்ரினலினைத் தயாராக வைத்திருப்பார். கட்டியைச் சுற்றி 20 சதவீத உப்புநீரில் நனைத்த துணிகளை அடுக்கி, ஊசி இறக்கி, உறிஞ்சுகுழாயைப் பக்கத்திலேயே வைத்து நீரை எடுப்போம். அதில் பித்தம் இல்லை என்று உறுதியான பிறகே உள்ளே உப்புநீர் விட்டுக் காத்திருப்போம். பித்தநாளத்துக்குள் அது போனால் நாளங்கள் வெந்து சுருங்கிவிடும், அந்தச் சேதத்தைச் சரிசெய்வது மிகக் கடினம். அப்புறம் திறந்தால், வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஒரு சவ்வு வழுக்கிக்கொண்டு வரும். அதைக் கிழியாமல் பைக்குள் எடுத்து, மீதியுள்ள குழியில் பித்தக் கசிவைத் தேடித் தைத்து, ஓமென்டம் என்ற கொழுப்புத் திரையைக் கொண்டு நிரப்புவோம். இடம் தோதாக இருந்தால் கட்டியை வெளிச்சுவரோடு முழுசாக எடுப்பது இன்னும் நல்லது, திரும்ப வருவது குறையும்.

மற்ற உறுப்புகள்

சிறுநீரகக் கட்டிக்கு மார்ட்டன் பாஸ்னியக் 1986-இல் வகுத்து, 2019-இல் திருத்தப்பட்ட வகைப்பாடு இருக்கிறது. ரிப்போர்ட்டில் பாஸ்னியக் 1, 2 என்றால் மறந்துவிடலாம். 2எஃப் என்றால் தொடர்ந்து ஸ்கேன். 3, 4 என்றால் புற்றுநோய் வாய்ப்பு கணிசம், சிறுநீரக அறுவை நிபுணரைப் பாருங்கள். பல சமயம் கட்டியை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம்.

கணையத்தில் கவனம் அதிகம் வேண்டும். கணைய அழற்சி வந்தவருக்கு அப்புறம் உருவாகும் பொய்க்கட்டிக்குச் சுவர் முற்றவே நாலு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன் குத்தக் கூடாது, பல கட்டிகள் தானாகவே வற்றும். வற்றாமல் தொந்தரவு கொடுத்தால் எண்டோஸ்கோப்பி வழியாக இரைப்பைக்குள் வடித்துவிடலாம். கணைய அழற்சியே வராதவருக்குக் கட்டி தெரிந்தால், அதைப் பொய்க்கட்டி என்று யாரும் சொன்னால் காரணம் கேளுங்கள். எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டில் நீர் எடுத்து அமைலேஸ் என்ற நொதியையும் சி.இ.ஏ. என்ற குறியீட்டையும் பார்க்க வேண்டும். கணையத்தின் பிரதான நாளம் 10 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் விரிந்திருந்தாலோ, கான்ட்ராஸ்ட் வாங்கும் முடிச்சு 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தாலோ, மஞ்சள் காமாலை வந்தாலோ அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது.

மண்ணீரலில் உள்ள கட்டிக்காக மண்ணீரலையே எடுக்க வேண்டி வந்தால் முடிந்தவரை இரண்டு வாரம் முன்பே நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகள் போட்டுக்கொள்ள வேண்டும். பித்தநாளமே பை போல விரியும் கட்டியை, குழந்தையானாலும் பெரியவரானாலும், வடித்துவிடுவது போதாது. புற்றுநோய் வாய்ப்பு இருப்பதால் வெட்டி எடுத்துக் குடலோடு இணைக்க வேண்டும்.

வீட்டுக்குப் போன பிறகு

கூரை வெட்டும் அறுவை செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். வடிகுழாயோடு அனுப்பினால் அதில் வரும் நீரின் நிறத்தைத் தினமும் பாருங்கள். பச்சையாகவோ அடர்மஞ்சளாகவோ மாறினால் பித்தக் கசிவு. பெரும்பாலும் தானே நிற்கும், நிற்காவிட்டால் எண்டோஸ்கோப்பி வழியாகப் பித்தநாளத்தில் சிறு குழாய் வைத்தால் அடங்கும். குளிர்காய்ச்சல், தோள்பட்டை வரை ஏறும் வலி, கண் மஞ்சளாவது இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஹைடாடிட் என்றால் அறுவைக்குப் பிறகும் அல்பெண்டசோல் குறைந்தது ஒரு மாதம் தொடரும். அதை எடுக்கும் காலத்தில் கல்லீரல் நொதிகளையும் வெள்ளை அணுக்களையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்கு முயற்சி செய்தாலோ முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரை முடிந்தாலும் கணக்கு முடியாது, குறைந்தது ஐந்து ஆண்டாவது ஸ்கேன் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய படங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். புதுக் கட்டியா, பழைய குழியின் மிச்சமா என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.