கைப்பை வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் மீந்த தோல் சில்லறையில் கிடைப்பதால், தையல் தெரிந்த பலர் பெண்களுக்கான கைப்பை செய்யத் துணிந்து இறங்குகிறார்கள். அவர்கள் செய்கிற பிழைகளில் பெரும்பாலானவை நாங்களும் கற்கும் காலத்தில் செய்தவைதான். கோணல் தையல், பசைக் கறை போன்றவை கை பழகப் பழகத் தாமே திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

கைப்பிடியைக் கடைசியில் வெட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். மாட்டுத் தோலில் முதுகெலும்பை ஒட்டிய பகுதியில் நார்கள் நெருக்கமாகவும், வயிற்றிலும் கால் சேரும் இடங்களிலும் தளர்வாகவும் இருக்கும். முதுகெலும்பின் போக்கில் இழுத்தால் தோல் குறைவாகவும், குறுக்கே இழுத்தால் அதிகமாகவும் நீளும். புதியவர்களோ சதுர அடிக் கணக்கில் காசு கொடுத்து வாங்கிய தோலை வீணாக்கக் கூடாது என்று, பையின் பெரிய பாகங்களையெல்லாம் நடுவில் பரப்பி வெட்டிவிட்டு, ஓரத்தில் எஞ்சிய வயிற்றுத் தோலில் கைப்பிடியை எடுக்கிறார்கள். பையின் முழுச் சுமையையும் தாங்குவது அந்தக் கைப்பிடிதான்.

காட்பாடியில் ஓர் ஆசிரியைக்கு எங்களிடம் பயிற்சி பெற்ற ஒருவர் செய்து கொடுத்த பை, பார்வைக்கு மிக அழகானது. சாப்பாட்டு டப்பா, ஒரு லிட்டர் தண்ணீர், திருத்த வேண்டிய நோட்டுகள் எல்லாம் அதில் ஏறின. அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் ஒரு கைப்பிடி மற்றதைவிட விரற்கடை அளவு நீண்டு, பை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. ஒன்றை நீளவாக்கிலும் மற்றொன்றைக் குறுக்கிலும் வெட்டியிருந்தார். கைப்பிடியை மட்டும் மாற்றினால் போயிற்று என்று நினைக்க வேண்டாம்; தோலில் ஊசி போட்ட துளை மூடாது. பழைய துளைகள் தெரியாமல் மறைக்க முடியாததால் முன்பக்கத் தோலையும் சேர்த்து மாற்ற நேர்ந்தது. அந்தப் பையில் கிடைத்த லாபம் முழுவதும் அதிலேயே போயிற்று.

உள்ளே நைலான் நாடா வைத்துவிட்டால் போதும் என்று சிலர் வாதிடுகிறார்கள். நாடா நீளாது, உண்மை. ஆனால் அதன் மேலுள்ள தளர்ந்த தோல் சில மாதங்களில் சுருக்கம் விழுந்து பொம்மிக்கொள்ளும். நல்ல தோலுக்குத் துணையாக நாடா வைக்கலாம், கெட்ட தோலுக்கு மாற்றாக வைக்க முடியாது.

இதில் மிச்சப்படுத்துவதுதான் எவ்வளவு? இரண்டு கைப்பிடிக்கு மேலடுக்கும் கீழடுக்குமாக நான்கு பட்டைகள், ஒவ்வொன்றும் 60 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் என்று வைத்தாலும் ஒரு சதுர அடிக்குள் அடங்கிவிடும். எனவே முதலில் கைப்பிடியையும் தோளில் மாட்டும் பட்டையையும் முதுகெலும்புக்கு இணையாக வெட்டுங்கள்; அடுத்து முன்பக்கம், பின்பக்கம்; வயிற்றுத் தோலை உள் பாக்கெட்டின் ஓரப்பட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் முதுகு என்று தெரியாத துண்டுத் தோலானால், இரு திசையிலும் மெல்லிய பட்டை வெட்டிக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஓரத்தைச் சீவாமல் மடிப்பது

1.2 மி.மீ. தோலை மடித்தால் 2.4 மி.மீ.; அப்படி இரண்டு மடிப்புகள் சேரும் மூலையில் ஏறக்குறைய 5 மி.மீ. தடித்து நிற்கும். மடிக்கும் முன் ஓரத்தைச் சீவி மெல்லியதாக்குங்கள்.

சாயத்தைச் சோதிக்காமல் விடுவது

சித்திரை வெயிலில் வியர்வை பட்டால், இடுப்போடு உரசும் பையின் சாயம் வெளிர்நிறப் பருத்திப் புடவையில் ஏறிவிடும். வெட்டுவதற்கு முன்பே ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அந்தத் தோல் கைப்பைக்கு ஆகாது.

கறுப்பு உள்துணி

சாவி கண்ணில் படாது.

உலோகத்தை அள்ளிப் போடுவது

பெரிய பக்கிளும் கனத்த சங்கிலியும் மேசைமேல் எடுப்பாகத் தெரியும். தோளில் ஏறினால் வெறும் பையே சுமையாகிவிடும். ரிவிட்டின் பின்முனை உடம்போடு படும் பக்கத்தில் வந்தால், கூர்மையான பிசிறு பட்டுப் புடவையின் இழையை இழுத்துவிடும். அந்த முனையை உள்துணிக்கும் தோலுக்கும் இடையே மறைத்துத் தையுங்கள். முடியாத இடத்தில் ரிவிட்டை விட்டுவிட்டு இரட்டைத் தையல் போடுங்கள்.