கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பி.எட். மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 நெறிமுறைகளுக்குப் பிறகு பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது. பள்ளியில் இருக்க வேண்டிய காலமும் முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம் என்று நீண்டது. இத்தனை வாரம் கிடைத்தும், ஒவ்வொரு ஆண்டும் பயிற்சிக்குப் போகிறவர்கள் முந்தைய ஆண்டினர் சறுக்கிய இடத்திலேயே சறுக்குகிறார்கள். தாமதமாக வருவது, கரும்பலகையை மறைத்து நிற்பது, கடைசி பெஞ்சுக்குக் கேட்காமல் பேசுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றைத் தலைமையாசிரியரோ வழிகாட்டி ஆசிரியரோ முதல் வாரத்திலேயே சொல்லித் திருத்திவிடுவார்கள். யாரும் சுட்டிக்காட்டாமல் கடைசி வாரம்வரை கூடவே வரும் தவறுகள் வேறு.

உற்றுநோக்கல் ஏட்டில் ‘நன்றாகக் கற்பித்தார்’

அனுபவமுள்ள ஆசிரியரின் வகுப்பைப் பார்க்க அனுப்பினால், பின்வரிசையில் உட்கார்ந்து ஆசிரியரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஏட்டில் ‘பாடத்தைத் தெளிவாக விளக்கினார், மாணவர்கள் ஆர்வமுடன் கவனித்தனர்’ என்று இரண்டு வரி ஏறுகிறது. அந்த இரண்டு வரியிலிருந்து நாளைக்கு உங்கள் வகுப்புக்கு எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

பக்கவாட்டில், பிள்ளைகளின் முகம் தெரியும்படி உட்காருங்கள். பீரியட் தொடங்குமுன் வகுப்பின் இருக்கை வரைபடத்தை ஒரு தாளில் போட்டுக்கொள்ளுங்கள். யாரிடம் கேள்வி போகிறதோ அவர் இடத்தில் ஒரு கோடு. யார் தானாகப் பதில் சொல்கிறாரோ அங்கே ஒரு புள்ளி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, வகுப்பில் அப்போது பேசுவது யார், எழுதுவது யார் என்று ஒரு சொல்லில் குறியுங்கள். ஒரு பிள்ளை தவறாகப் பதில் சொன்னால் அந்தப் பதிலையும், அதற்கு ஆசிரியர் அடுத்துக் கேட்ட கேள்வியையும் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளுங்கள். அனுபவம் என்பது அந்த அடுத்த கேள்வியில்தான் இருக்கிறது. விளக்கும் முறையைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். இதைப் பார்த்துத்தான் கற்க முடியும்.

நுண்ணிலைக் கற்பித்தலில் பாதிச் சுற்றோடு நிறுத்துவது

சக மாணவர்களையே வகுப்பாக உட்காரவைத்துச் சில நிமிடம் கற்பித்து, குறை கேட்டு, மறுபடி கற்பித்துப் பார்ப்பதுதான் நுண்ணிலைக் கற்பித்தல். நம் கல்லூரிகளில் சொல்லித்தரும் சுற்று 36 நிமிடம்: கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறுதிட்டமிடல் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6. இதில் மிக நீளமானது மறுதிட்டமிடல். நடைமுறையில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். எட்டுப் பேர் கொண்ட குழுவில் எல்லாரும் முழுச் சுற்று முடிக்க 288 நிமிடம், ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் ஆளுக்கு ஆறு நிமிடம் பேசிவிட்டு, கைதட்டி, ஏட்டில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடும். நாளுக்கு இரண்டு பேர் என்று நான்கு நாளாகப் பிரித்துக்கொண்டால் மறுகற்பித்தலுக்கு இடம் கிடைக்கும். முதல்முறை செய்ததைவிட இரண்டாம்முறை என்ன மாறியது என்பதுதானே இந்தப் பயிற்சியே.

இன்னொரு குறை, மாணவர்களாக உட்காரும் சக தோழர்கள் எல்லாக் கேள்விக்கும் சரியான விடையே சொல்லிவிடுவது. தோழமையில் செய்யும் உதவிதான். ஆனால் அது பயிற்சியைக் கெடுக்கிறது. குழுவில் இருவருக்கு முன்கூட்டியே துண்டுச் சீட்டில் ஒரு தவறான விடையையும் அதற்கான காரணத்தையும் எழுதிக் கொடுங்கள். அவர்கள் அந்தக் காரணத்தை விட்டுக்கொடுக்காமல் வாதாட வேண்டும்.

தவறான விடைக்கு இடமில்லாத பாடத்திட்டம்

எத்தனை ஏடுகளைத் திருத்தினாலும் பார்த்தவுடன் எரிச்சல் மூட்டுவது இது. ஒரு பீரியடுக்கென்று மாணவ ஆசிரியர் எழுதும் பாடத்திட்டத்தில் ‘ஆசிரியர் செயல்பாடு’ பத்தி நிறைந்து வழியும். பக்கத்தில் ‘மாணவர் செயல்பாடு’ பத்தியில் ‘கவனிக்கின்றனர்’, ‘உற்றுநோக்குகின்றனர்’, ‘விடையளிக்கின்றனர்’ என்று மூன்றே வினைச்சொற்கள் மாறி மாறி வரும். விடை எழுதியிருந்தாலும் சரியான விடை மட்டுமே இருக்கும். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒருவர்கூடத் தவறாக யோசிக்கமாட்டார் என்று நம்பி எழுதிய திட்டம் அது.

இதனால் என்ன நடக்கிறது என்பதை ஏழாம் வகுப்புத் தசம எண்களை வைத்துப் பார்க்கலாம். மாணவ ஆசிரியர் பலகையில் 0.8, 0.35 என்று எழுதி ‘எது பெரியது?’ என்கிறார். பாதி வகுப்பு ‘பாயிண்ட் முப்பத்தஞ்சு சார்’ என்கிறது. திட்டத்தில் இருப்பது 0.8. ‘தப்பு. வேற யாரு?’ என்று முன்வரிசைக்குப் போகிறார். மூன்றாவதாக எழுந்தவர் 0.8 என்கிறார். ‘வெரி குட், உட்காரு’ என்று பாடம் நகர்கிறது. முப்பத்தைந்து என்று சொன்னவர்களுக்குத் தாங்கள் ஏன் தவறினோம் என்று தெரியாது. அடுத்த முறை வாயைத் திறக்கக் கூடாது என்பதை மட்டும் கற்றுக்கொண்டிருப்பார்கள். ஆறு வாரம் கழித்து, பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்று அளக்கும் அடைவுத் தேர்விலும் அதே தவறு வரும். அறிக்கையில் ‘மாணவர்களின் கவனக்குறைவு’ என்று எழுதப்படும். அந்தச் சொல்லை எழுதவே கூடாது. அந்தப் பிள்ளை கவனமாகத்தான் யோசித்தது, தன்னிடம் இருந்த விதியை வைத்து.

அந்த விதிகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு வகை. முதல் வகைப் பிள்ளை புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படிக்கிறது: 35 எட்டைவிடப் பெரியது, எனவே 0.35 பெரியது. இரண்டாம் வகைப் பிள்ளை நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறியது என்பதைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, ‘இலக்கம் கூடினால் எண் சிறியது’ என்று நீட்டிவிடுகிறது. இந்தப் பிள்ளை 0.8 என்று சரியான விடையையே சொல்லும். ‘வெரி குட்’ வாங்கியவர் இந்த வகையாகவும் இருக்கலாம்.

ஆகவே ஒரு சோடி போதாது. மூன்று சோடிகள் வேண்டும்: 0.8, 0.35, அடுத்து 0.3, 0.75, பிறகு 0.6, 0.60. முதல் சோடியில் தவறி இரண்டாவதில் சரியாகச் சொன்னால் முதல் வகை. முதலில் சரி, இரண்டாவதில் தவறு என்றால் இரண்டாம் வகை. மூன்றாவது சோடியில் முதல் வகை 0.60 பெரியது என்னும். இரண்டாம் வகை 0.6 பெரியது என்னும். இரண்டாவது சோடியை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் முதல் வகையினர் அத்தனை பேரும் சரியாகச் சொல்லித் தப்பிவிடுவார்கள், நீங்களும் பாடம் நன்றாகப் போனதாக நினைப்பீர்கள்.

40 நிமிட பீரியடை இப்படிப் பிரிக்கலாம். வருகைப் பதிவுக்கும் அமைதிக்கும் 4 நிமிடம். மூன்று சோடிகளையும் பலகையில் எழுதி, யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் எல்லாரும் நோட்டின் பின்பக்கத்தில் எழுத 5 நிமிடம். அந்த நேரத்தில் வரிசைகளுக்கு இடையே நடந்து எந்த வகை யார் என்று இருக்கை வரைபடத்தில் குறியுங்கள். அடுத்த 13 நிமிடம் கட்டத்தாளில் 10-க்கு 10 சதுரம் வரைந்து நிழலிட: 0.8 என்றால் எட்டு முழுப் பட்டை, 0.35 என்றால் மூன்று பட்டையும் ஐந்து சிறு கட்டமும். பிறகு 8 நிமிடம் பேச்சு. முதலில் தவறாக எழுதிய ஒருவரை அழைத்து, முன்பு ஏன் அப்படி நினைத்தார், இப்போது படத்தில் என்ன தெரிகிறது என்று சொல்லவையுங்கள். 0.5, 0.05 போன்ற புதிய சோடிகளுக்கு 5 நிமிடம். கடைசி 5 நிமிடம் பெயர் எழுதிய துண்டுத் தாளில் ஒரே ஒரு கேள்வி. அதை வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். ‘ஒரு பூச்சியம் சேர்த்து 80, 35 என்று ஒப்பிடு’ என்ற குறுக்குவழியை முதலிலேயே கொடுத்தால் விடை சரியாகிவிடும், உள்ளே இருக்கும் எண்ணம் அப்படியே இருக்கும், 0.80-உம் 0.8-உம் ஏன் சமம் என்று கேட்டால் தெரியாது. ரூபாய், காசை உதாரணமாக எடுப்பவர்கள், சில பிள்ளைகள் 0.8-ஐ எட்டுக் காசு என்று படிப்பார்கள் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும். மூன்றாவது உங்கள் வாய்: 0.35-ஐப் ‘பாயிண்ட் முப்பத்தைந்து’ என்று நீங்களே படித்தால் முதல் வகைத் தவறை நீங்களே ஊட்டுகிறீர்கள். ‘பூச்சியம் புள்ளி மூன்று ஐந்து’ என்றே படியுங்கள்.

கணக்குக்கு மட்டும் உரியதில்லை இது. தமிழ் வகுப்பில் ‘அந்தப் பையன்’ என்று வலி மிகும் என்று சொல்லிக்கொடுத்த மறுநாள், பிள்ளைகள் ‘வந்தப் பையன்’ என்று எழுதுவார்கள். இரண்டும் ‘ந்த’ என்று முடிவதால் ஒன்றாகத் தெரிகிறது. சுட்டு ஒன்று, பெயரெச்சம் ஒன்று என்ற வேறுபாடு கண்ணில் படுவதில்லை. இரண்டையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டாத திட்டம் அந்தத் தவறை உண்டாக்குகிறது. அறிவியலில் ‘பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?’ என்றால் ‘மண்ணிலிருந்து’ என்பார்கள். ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதும் பிள்ளையும் அப்படிச் சொல்லும், ஏனென்றால் காற்றுக்கு எடை உண்டு என்பதை அது இன்னும் நம்பவில்லை. ஆங்கிலத்தில் ‘ஹி டிட் நாட் வென்ட்’ என்று எழுதும் பிள்ளை இறந்தகால விதியை நன்றாகப் படித்து இரண்டு இடத்திலும் போட்டுவிட்டது.

‘இதுவரை வகுப்பே எடுத்ததில்லை, தவறான விடைகள் எனக்கு எப்படித் தெரியும்?’ என்று மாணவ ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. வழிகாட்டி ஆசிரியரிடம் போன பருவத் தேர்வுத் தாள்களைக் கேட்டு வாங்கி, ஒரே ஒரு வினாவுக்கு இருபது பிள்ளைகள் எழுதிய விடையைப் படியுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. அல்லது பாடத்துக்கு முந்தைய நாள், வகுப்பு முடியும் தறுவாயில் மூன்று வினாக்களுக்குத் துண்டுச் சீட்டில் பதில் வாங்குங்கள். பிறகு திட்டத்தில் ஒரு பத்தியைக் கூடுதலாகப் போடுங்கள்: எதிர்பார்க்கும் தவறு, அதன் காரணம், நான் கேட்கப்போகும் அடுத்த கேள்வி. ஒரு பாடத்துக்கு மூன்று தவறுகள் போதும். ஜப்பானில் ஆசிரியர்கள் கூடிச் செய்யும் ‘ஜுக்யோ கென்க்யூ’ பாட ஆய்வில், மாணவர்கள் தரக்கூடிய பதில்களைத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதிவைப்பது வழக்கம். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் பாடப்பொருளைக் கற்பிக்கும் அறிவு என்று தனியாகப் பிரித்துச் சொன்னபோது, மாணவர்கள் எந்த முன்னெண்ணத்தோடு வருகிறார்கள் என்று தெரிந்திருப்பதையும் அதற்குள் சேர்த்தார். கற்பித்தல் முறைகளுக்கான மெத்தட் தாளில் தேர்வுக்காக இதைப் படித்து எழுதியவர்களே பாடத்திட்டத்தில் ‘கவனிக்கின்றனர்’ என்று எழுதும்போதுதான் மனம் பொறுப்பதில்லை.

‘புரிஞ்சுதா?’

கேட்காதீர்கள். ஒரு கணக்கைக் கொடுங்கள்.

பதிலுக்குக் காத்திராமல் போவது

அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்புப் பதிவுகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று நொடி அல்லது அதற்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, பேசாமல் இருந்தவர்களும் பேசினார்கள். புதியவருக்கு மூன்று நொடி அமைதி பயமாக இருக்கும். மனதுக்குள் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று’ என்று எண்ணுங்கள். கேள்வியை முதலில் கேட்டு, காத்திருந்து, அதற்குப் பிறகு பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

சார்ட்

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லை என்றால் மாட்டாதீர்கள்.

அடைவுத் தேர்வை வெறும் கணக்காக முடிப்பது

திட்டவரைவு போட்டு, தேர்வு நடத்தி, மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 சதவீதம் பேரையும் கீழே உள்ள 27 சதவீதம் பேரையும் பிரித்து வினா ஆய்வு செய்கிறோம். 40 பேர் என்றால் குழுவுக்கு 11 பேர். ஒரு பலவுள் தெரிவு வினாவில் மேல் குழுவில் 10 பேரும் கீழ்க் குழுவில் 2 பேரும் சரி என்று வைத்துக்கொள்வோம். கடின மதிப்பு (இரு குழுவிலும் சரியாகச் சொன்னவர்களின் பங்கு) 12/22, அதாவது 0.55, வேறுபடுத்தும் மதிப்பு (இரு குழுவுக்கும் உள்ள இடைவெளி) 8/11, அதாவது 0.73. ‘நல்ல வினா’ என்று எழுதி ஏட்டை மூடிவிடுகிறார்கள். கீழ்க் குழுவில் தவறிய 9 பேரும் எந்த விடையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்க்கவே இல்லை. ஒன்பது பேரும் 0.35 என்றால் திங்கட்கிழமை யாருக்கு எதை மறுபடி நடத்த வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஒன்பது பேரும் சிதறிக் கிடந்தால் அது ஊகம். வேறு சிகிச்சை வேண்டும். இதற்குத் தவறான தெரிவுகளை வாய்க்கு வந்தபடி எழுதக் கூடாது. பாடத்திட்டத்தின் அந்தக் கூடுதல் பத்தியிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

ஏட்டைக் கடைசி வாரம் எழுதுவது

வகுப்பு முடிந்த அன்றே பத்து நிமிடம். மூன்று வரி: எதிர்பார்க்காத எந்தத் தவறான விடை வந்தது, நேரம் எங்கே கரைந்தது, இதே பாடத்தைப் பக்கத்துப் பிரிவில் எடுத்தால் எதை மாற்றுவேன். பல பள்ளிகளில் ‘அ’ பிரிவுக்கு எடுத்த பாடத்தை மறுநாள் ‘ஆ’ பிரிவுக்கு எடுக்க வாய்ப்புக் கிடைக்கும். மறுகற்பித்தல் நிஜ வகுப்பில் நடப்பது அங்கேதான், அதை வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். கையெழுத்துக்காக ஏட்டை நீட்டும்போது ‘எப்படி இருந்தது மேடம்?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்துச்சும்மா’ என்ற பதில்தான் வரும். ‘எந்த இடத்துல பிள்ளைங்க என்னை விட்டுட்டாங்க?’ என்று கேளுங்கள்.

பயிற்சி முடிந்ததும் இளையவர்கள் உங்கள் ஏட்டைக் கேட்டு வருவார்கள். பாடத்திட்டங்களைக் கொடுக்க வேண்டாம். தவறான விடைகளைத் தொகுத்த அந்தப் பக்கங்களை நகலெடுத்துக் கொடுங்கள்.