மாதிரி ரயில்களுக்கான மெல்லிய கம்பியைத் தேர்ந்தெடுக்க

மாதிரி ரயில் எஞ்சினின் பக்கவாட்டில் ஓடும் குழாய்களைச் செய்ய, தேவையற்றுக் கிடக்கும் பல இழை மின்கம்பியின் உறையை உரித்து, உள்ளிருக்கும் செம்பு இழை ஒன்றின் ஒரு முனையை இடுக்கியில் இறுகப் பிடித்து, மறுமுனையை குறடால் மெல்ல இழுத்து, அது சற்றே நீண்டு கொடுப்பது கைக்குத் தெரிந்தவுடன் நிறுத்தினால், நெளிவு நீங்கிய நேரான கம்பி செலவின்றிக் கிடைத்துவிடும்.

இழுக்கும்போது செம்பு நேராவதோடு சிறிது கடினமும் அடைகிறது. ஆயினும் வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும் குணமும், ஈயத்தால் எளிதில் பற்றவைக்கக்கூடிய தன்மையும் குறைவதில்லை. இவ்விழைகள் பெரும்பாலும் 0.2 மி.மீ. தடிமன் உள்ளவை. உண்மையான குழாயின் விட்டத்தை அளவு விகிதத்தால் வகுத்துப் பார்த்தே இழையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: 1:87 அளவில் (அதாவது மாதிரி உண்மையில் 87-இல் ஒரு பங்காக இருக்கையில்) 0.2 மி.மீ. என்பது ஏறத்தாழ 17 மி.மீ. குழாய்க்கும், 1:160 அளவில் 32 மி.மீ. குழாய்க்கும் பொருந்தும். தடிமன் தெரியாத இழையை ஊசியின்மேல் இடைவெளியின்றிப் பத்துச் சுற்றுகள் சுற்றி, சுற்றிய நீளத்தைப் பத்தால் வகுத்தால் போதும். கண்மதிப்பை நம்பவே கூடாது.

கைபடும் இடங்களுக்கு, குறிப்பாகக் கைப்பிடிக் கம்பிகளுக்கு, செம்பு உதவாது. ஒருமுறை அழுந்தினாலே வளைந்துவிடும். அங்கே பாஸ்பர் வெண்கலக் கம்பியே (சிறிது பாஸ்பரஸ் கலந்த வெண்கலம்) சிறந்தது. எஃகுக் கம்பி அதைவிட உறுதியானதுதான், ஆனால் துருப்பிடிக்கும், பற்றவைப்பதும் கடினம், மென்மையான வெட்டுக்குறடின் வாயையும் கெடுத்துவிடும்.