முதலில் டீ டம்ளரைக் கவனியுங்கள்

சர்க்கரையை விடப்போகிறேன் என்று கிளம்புபவர்கள் முதலில் ஒதுக்குவது லட்டையும் ஜிலேபியையும்தான். அவை தினமும் சாப்பிடுகிற பொருளா என்ன? தினமும் உள்ளே போவது டீயும் காபியும். டம்ளருக்கு 2 டீஸ்பூன் வீதம் 4 டம்ளர் குடித்தால் 8 டீஸ்பூன், ஏறக்குறைய 32 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிற்பது இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல்.

ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள். நான் அப்படித்தான் விட்டேன். முதல் வாரம் சப்பென்று இருந்தது. ஒரு மாதம் கழித்து, பாலில் இருக்கிற இனிப்பே நாக்குக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை நீங்களும் அனுபவிக்க வேண்டும்!

டீக்கடையில் மட்டும் கொஞ்சம் உஷார். பல கடைகளில் மாஸ்டர் கிளாஸில் சர்க்கரையைப் போட்டுவிட்டுத்தான் டீயை ஊற்றுவார். அதனால் கேட்கும்போதே "சர்க்கரை இல்லாம ஒரு டீ" என்று சொல்லிவிடுங்கள்.

சரி, வெல்லமோ தேனோ போட்டுக்கொள்ளலாமா? அவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், கணக்கில் சேருங்கள். பிஸ்கட் பாக்கெட்டில் சேர்மானப் பட்டியலையும் பாருங்கள்; அளவில் அதிகமானதுதான் முதலில் வரும். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று இருந்தால் அதுவும் சர்க்கரையே.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும், குறைப்பதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம்.